முட்டுகிற ஆட்டைவிட மூக்கு ஒழுகுகிற ஆட்டுக்குப் பயப்படுங்கள்

கானாடுகாத்தான் பக்கம் ஒன்றரை ஏக்கர் தோட்டம், ஒன்பது பெட்டை, ஒரு கிடா, அவற்றின் குட்டிகள். அடுத்த மாதம் சந்தையில் நான்கு பெட்டை வாங்கிச் சேர்க்கப்போவதாகவும், பழைய ஆடுகள், அதிலும் அந்த மூளிக்காதுப் பெட்டை, புதியவற்றை முட்டியே கொன்றுவிடும்போல் இருப்பதாகவும், இரண்டும் பழக எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்கு நடுவில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “கிடா நான்கு வருடமாக அதேதான், இப்போதெல்லாம் குட்டிகள் சிறுத்துப் பிறக்கின்றன, ஆட்டைக் கூட்டினால் சரியாகுமா?” நீங்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அந்த ஒரு வரிதான். அதிலிருந்து தொடங்குகிறேன். முட்டலுக்குக் கடைசியில் வருகிறேன், அது அவ்வளவு பெரிய காரியம் இல்லை.

யார் சொல்கிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவகங்கை மாவட்டத்தில் 31 ஆண்டு கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வீட்டில் இருபது உருப்படி நிற்கின்றன. நான் டாக்டர் இல்லை. ஊசி போட்ட கை என்பதால் பார்த்தது அதிகம், அவ்வளவுதான். ஆகவே மருந்துகளின் அளவை என்னிடம் கேட்காதீர்கள். ஆட்டின் எடையையும் சினையையும் நேரில் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது அது.

ஒரு பெட்டைக் குட்டி ஒரு வயதில் சினைக்கு வந்துவிடும். கிடா இரண்டு வருடத்தைத் தாண்டி அதே பட்டியில் நின்றால், தான் ஈன்ற மகளோடேயே சேரும். அப்படிப் பிறக்கும் குட்டியின் உறவுக்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள் சேர்ந்ததன் அளவு, 25 சதவீதம். அந்தக் குட்டியும் பெட்டையாகி, அதே கிடாவோடு மீண்டும் சேர்ந்தால் 37.5 சதவீதம். இது கணக்கு, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. நான்கு வருடத்தில் உங்கள் பட்டியில் இந்த இரண்டும் நடந்திருக்கும். எடை குறைந்து பிறப்பது, பிறந்த வாரத்திலேயே சாவது, சினை தங்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருவது என்று அதன் விளைவுகள் தெரியத் தொடங்கும். ஆனால் உங்கள் குட்டிகள் சிறுத்ததற்கு அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சினையின் கடைசி இரண்டு மாதத்தில் தாய்க்குத் தீவனம் போதாமல் இருந்தாலும், வயிற்றில் புழு மண்டியிருந்தாலும் இதே மாதிரிதான் பிறக்கும். தாய் ஆடுகளின் கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள். வெளிறிக் கிடந்தால் முதலில் புழுவைக் கவனியுங்கள்.

நான்கு பெட்டை வாங்கினால் அந்த நான்கின் குட்டிகள் நன்றாக இருக்கும். மீதி ஒன்பதின் கதை அப்படியேதான் தொடரும். ஒரே ஒரு கிடாவை மாற்றினால் அடுத்த ஈற்றில் பிறக்கும் எல்லாக் குட்டிகளுக்கும் புது ரத்தம் வந்துவிடும். இருபது இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா போதும் என்பது கணக்கு. ஒன்பதுக்கு ஒன்று தாராளம். பெட்டைகளை உங்கள் குட்டிகளிலிருந்தே எடுத்து வளர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மண்ணின் புழுவையும் உங்கள் வேலியின் முள்ளையும் அறிந்து வளர்ந்தவை அவை. எண்ணிக்கையைக் கூட்டியே தீர வேண்டும் என்றால் இரண்டு பெட்டை, அதற்கு மேல் வேண்டாம். பழைய கிடாவை உறவில்லாத வேறு ஊர்ப் பட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது பக்ரீத்துக்கோ தீபாவளிக்கோ முன்பு நல்ல விலைக்குக் கொடுக்கலாம்.

இனி, எங்கே வாங்குவது. திருப்புவனத்தில் செவ்வாய், புதுக்கோட்டையில் வெள்ளி, எட்டயபுரத்தில் சனி என்று நம்மைச் சுற்றி ஆட்டுச் சந்தைக்குக் குறைவில்லை. துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசும் அழகைப் பார்க்கவே ஒரு நாள் போகலாம். அறுப்புக்கும், இரண்டு மாதம் வளர்த்து விற்கும் குட்டிக்கும் சந்தை சரியான இடம். இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் ஆட்டுக்கு அது கடைசி இடம். இரண்டாம் ஈற்றுப் பெட்டை, மடி நன்றாக, உடம்பு நன்றாக, ஏன் சந்தைக்கு வந்தது என்று யோசியுங்கள். பணமுடை என்று ஒரு பதில் உண்டு, அது உண்மையாகவும் இருக்கலாம். சினை தங்கவில்லை, குட்டிக்குப் பால் விடாது, போன ஈற்றில் வீசிவிட்டது, அதாவது குறைமாதத்திலேயே குட்டியைத் தள்ளிவிட்டது என்ற பதில்களை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆடு சுத்தமாகவே வந்திருந்தாலும், பல ஊர் ஆடுகளோடு மூக்கும் மூக்கும் உரச அரைநாள் நின்றிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பதினைந்து வருடத்துக்கு முன், பொங்கல் கழிந்த கையோடு, ஒரு சந்தையில் மூன்று பெட்டை வாங்கினேன். பல் பார்த்தேன், கண் பார்த்தேன், மடியைத் தடவிப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் தனியே கட்டுங்கள் என்று சொல்கிறவன், என் வீட்டில் இடமில்லை என்ற சாக்கில் அன்று இரவே பட்டிக்குள் விட்டேன். ஆறாம் நாள் ஒன்று தலையைத் தொங்கப்போட்டு ஒதுங்கி நின்றது. கண்ணிலும் மூக்கிலும் நீர். பிறகு வாய்ப்புண், பிறகு கழிச்சல். இரண்டு வாரத்துக்குள் என் குட்டிகளில் ஏழும் தாய் ஆடுகளில் இரண்டும் போய்விட்டன. வாங்கி வந்த மூன்றில் இரண்டு பிழைத்துக்கொண்டது தனி வேதனை. ஆட்டுக்கொல்லி நோய் அது. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நம் மாநிலத்தில்தான், 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். காய்ச்சல் தெரிவதற்கு முன்பே கிருமியை வெளியே விடத் தொடங்கிவிடும் என்பதுதான் அதன் சூது. நீங்கள் சந்தையில் பார்க்கும்போது ஆடு துள்ளிக்கொண்டுதான் நிற்கும்.

ஆகையால் வளர்ப்பவர் வீட்டுக்கே போய் வாங்குங்கள். கிடாவின் தாயைப் பாருங்கள், இரட்டைக் குட்டியாகப் பிறந்ததா என்று கேளுங்கள், விதைகள் இரண்டும் சம அளவில் இறங்கி உறுதியாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். வாயைத் திறந்தால் கீழ்த்தாடையில் இரண்டு நிலைப்பல் முளைத்திருந்தால் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை வயது. நான்கு என்றால் இரண்டு வயதை ஒட்டி. அந்த வயதுக் கிடாதான் உங்களுக்கு வேண்டியது. செட்டிநாட்டிலேயே அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது, உங்களுக்குக் கூப்பிடு தூரம். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. யாரிடம் நல்ல கிடா இருக்கிறது என்று அந்த இரண்டு இடங்களிலும் விசாரித்துவிட்டுத் தேடப் போனால் பாதி அலைச்சல் மிச்சம். எந்த இனம் என்று கேட்பீர்கள். மேய்த்து வளர்ப்பதென்றால் கன்னி, கொடி, இல்லையென்றால் நம் ஊர்ப் பள்ளை ஆட்டிலேயே நல்ல உடம்புள்ள ஒன்று. கன்னி ஆட்டில் இரட்டைக் குட்டி சாதாரணம். தலைச்சேரியும் இங்கே நன்றாகவே நிற்கிறது. ஆனால் காது நீண்ட கலப்பு ஆட்டையெல்லாம் தலைச்சேரி என்று விற்கிறார்கள். போயர் என்ற பெரிய வெளிநாட்டு இனத்தின் கலப்புக்குக் கொட்டிலில் கட்டித் தீவனம் போட வசதி வேண்டும். நம் பள்ளை ஆட்டில் தலைச்சன் ஈற்றுக்கு நிற்கும் சிறிய பெட்டையோடு அத்தனை பெரிய கிடாவைச் சேர்த்தால் குட்டி பெருத்து ஈற்று சிரமமாகும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. இது என் அபிப்பிராயம். வேறு விதமாகச் சொல்பவர்களும் ஆடு வளர்த்தவர்கள்தான்.

கிடாவுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் பழைய ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட்டுவிடுங்கள். எல்லாரும் வருகிற ஆட்டுக்கு ஊசி போடத்தான் ஓடுவார்கள். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் வீட்டில் இருப்பவை முதலில் தயாராக வேண்டும். மூன்று மாதம் தாண்டிய குட்டிக்கு ஒரு ஊசி போட்டால் மூன்று ஆண்டுக்குத் தாங்கும். அரசு மருந்தகத்தில் முகாம் எப்போது என்று கேட்டு வையுங்கள். வரும் ஆட்டுக்கு, லாரியில் ஆடி வந்த களைப்போடு முதல் நாளே ஊசி குத்துவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு வாரம் தின்று தெளியட்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் வீட்டுக்குப் பின்னால் ஓடு சரிந்த பழைய வண்டிக் கொட்டகை ஒன்று தெரிகிறது. மாட்டு வண்டி போய் அறுபது வருடம் ஆகியிருக்கும், இடம் மட்டும் நிற்கிறது. அதுதான் புது ஆட்டின் முதல் மாத வீடு. பட்டியிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி, காற்றோட்டமாக, தனித் தண்ணீர்த் தொட்டி, தனி வாளி. காலையில் பழைய ஆடுகளைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். அங்கிருந்து திரும்பினால் கை கால் கழுவாமல் பட்டிக்குள் போகக் கூடாது. வீட்டில் வேலைக்கு வரும் அக்காவிடம் இதைக் காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் தெரியாத கட்டுப்பாடு மூன்றாம் நாள் காற்றில் போய்விடும்.

வந்த அன்று வெல்லமும் சிட்டிகை உப்பும் கலந்த தண்ணீர், காய்ந்த கடலைக்கொடி, ஆல் அல்லது வேம்புக் குழை. அவ்வளவுதான். தானியம் வேண்டாம், கஞ்சி வேண்டாம். புதிதாக வந்த ஆட்டைச் செல்லம் கொஞ்சுவதாக நினைத்துச் சோறு போடுவது நம் பக்கத்தின் பெரிய வியாதி. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து வைத்து, விடியற்காலையில் வயிறு உப்பி விறைத்துக் கிடந்த ஆடுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழகப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அடர்தீவனம் கொடுப்பதென்றால் கைப்பிடியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். முடிந்தால் ஆட்டைக் கொடுத்தவரிடமே அது தின்றுகொண்டிருந்த குழையில் இரண்டு கட்டு கேட்டு வாங்கி வாருங்கள், யாரும் இல்லை என்று சொல்வதில்லை.

முதல் மூன்று நான்கு நாளுக்குள் மருத்துவர் சொன்ன மருந்தால் குடற்புழு நீக்கம். சினையின் தொடக்கத்தில் இருக்கும் பெட்டைக்குச் சில புழு மருந்துகள் ஆகாது, அதைக் கட்டாயம் சொல்லிக் கேளுங்கள். மருந்து கொடுத்த பிறகும் இரண்டு மூன்று நாள் புழுவின் முட்டைகள் புழுக்கையில் வந்துகொண்டிருக்கும். அந்தப் புழுக்கையைக் கூட்டி எருக்குழியில் போட்டு மூடுங்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து நாலு புழுக்கையைப் பொட்டலம் கட்டி மருந்தகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மருந்துக்கும் சாகாத புழுவை வெளியூர் ஆட்டின் வயிற்றில் வைத்து உங்கள் மேய்ச்சல் நிலத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், பிறகு அதைத் திருப்பி அனுப்ப வழியில்லை. உண்ணி, பேன் இருக்கின்றனவா, குளம்பு நாறுகிறதா, தாடைக்கடியில் கட்டி இருக்கிறதா என்பதையும் அந்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

முப்பது நாள் என்று எல்லாரும் சொல்கிறோம். அதில் எது பிடிபடும், எது தப்பும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டுக்கொல்லி, கோமாரி, ஆட்டு அம்மை, வாய்ப்புண், சளிக்காய்ச்சல் ஆகியவை உடம்பில் இருந்தால் பெரும்பாலும் அந்த மாதத்துக்குள் தலைகாட்டிவிடும். புரூசெல்லா என்ற கருச்சிதைவு நோய் தலைகாட்டாது. கிடா பார்ப்பதற்குக் கம்பீரமாக நிற்கும், பட்டியில் பெட்டைகள் நான்காம் மாதத்தில் வீசத் தொடங்கிய பிறகுதான் தெரியும். நாள்பட்ட கழிச்சல் நோயும் சீழ்க்கட்டியும்கூட மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். புரூசெல்லாவுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. கிடாவுக்கு அதைச் செய்யாமல் பெட்டைகளோடு விடாதீர்கள். அந்த நோய் மனிதருக்கும் வரும். விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக ஆளை மாதக்கணக்கில் படுக்கவைக்கும். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் ஆடுகள் கண்மாய்க் கரையில் ஊர் ஆடுகளோடு சேர்ந்து மேய்ந்து ஒரே துறையில் தண்ணீர் குடிப்பவை என்றால், வண்டிக் கொட்டகையில் எவ்வளவு காவல் போட்டாலும் அது அரைக்காவல்தான். வெளியூர்க் கிடை ஏதாவது வந்து தங்கியிருக்கிறதா என்று ஆடு மேய்க்கும் கீதாரியிடம் கேட்டு வைத்துக்கொள்வதும், அந்த வாரம் ஆடுகளைத் தோட்டத்துக்குள்ளேயே நிறுத்தித் தழை வெட்டிப் போடுவதும் உங்களால் முடிந்த அளவு.

இருபதாம் நாள் வரை எந்தக் குறையும் இல்லை என்றால், உங்கள் பட்டியிலிருந்து சாதுவான ஓர் ஆட்டை, விற்க நினைத்திருக்கும் ஒன்றாக இருந்தால் நல்லது, கொண்டுபோய்ப் புது ஆட்டோடு கட்டுங்கள். புதியது ஏதாவது கொண்டுவந்திருந்தால் அந்த ஒன்றோடு போகும். உங்கள் பட்டியில் உள்ள கிருமியோ ரத்தக்கழிச்சலோ புதியதைத் தாக்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பழைய ஆடுகள் தாங்கிப் பழகிய நோயில் புது ஆடு விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று பழி போடுவார்கள். அதோடு, முப்பதாம் நாள் பட்டிக்குள் நுழையும்போது புதியதற்குத் துணையாக ஒரு தெரிந்த முகமும் கூடவே வரும்.

இப்போது முட்டலுக்கு வருகிறேன். ஆட்டுக்கூட்டத்தில் யார் முதலில் தண்ணீர் குடிப்பது, யார் உயரமான இடத்தில் படுப்பது என்பதற்கெல்லாம் வரிசை உண்டு. புதிதாக ஒன்று வந்தால் அந்த வரிசையை மறுபடி எழுத வேண்டியிருக்கிறது, அதைத்தான் கொம்பால் எழுதுகின்றன. மூன்று நாள் கடுமையாக இருக்கும், ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். பட்டிக்குள் சேர்க்காதீர்கள், ஓட இடம் இருக்காது. வெளியே மேய்ச்சலில், எல்லாவற்றின் வாயிலும் தழை இருக்கும்போது விடுங்கள். சாயங்காலம் எல்லாம் ஒன்றாகத் திரும்பட்டும். குழையை ஒரே இடத்தில் கட்டாமல் நான்கைந்து இடத்தில் தொங்கவிடுங்கள். பட்டிக்குள் மூலையில் மாட்டிக்கொள்ளாதபடி ஒரு பழைய திண்ணைக் கல்லையோ மரப்பலகையையோ போட்டால் தாழ்ந்த ஆடு ஏறி ஒதுங்கிக்கொள்ளும். ரத்தம் வந்தாலோ, விழுந்ததை எழவிடாமல் முட்டினாலோ ஒழியக் குறுக்கே போகாதீர்கள். நீங்கள் விலக்கினால் அந்தச் சண்டை நாளைக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நிறைசினையில், அதுவும் கடைசி மாதத்தில் இருக்கும் பெட்டைகள் மட்டும் இந்தக் கலாட்டாவில் இருக்கக் கூடாது, வயிற்றில் விழும் ஒரு முட்டு குட்டியைக் கொன்றுவிடும். அவற்றைத் தனியே கட்டுங்கள். சிறு குட்டிகளைக் கொடாப்பு என்ற பெரிய கூடையால் கவிழ்த்துவிடுங்கள். வேப்பெண்ணெயை எல்லா ஆட்டின் முதுகிலும் தடவி வாசனையை ஒன்றாக்கினால் முட்டாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் தடவியிருக்கிறேன். ஈ குறைந்தது, முட்டல் குறைந்ததாகத் தெரியவில்லை.

பருவத்தையும் சொல்லிவிடுகிறேன். தை பிறந்த பிறகு கிடாவை வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் புழுவும் குளம்பு நோயும் உச்சத்தில் இருக்கும், அப்போது வெளி ஆடு வேண்டாம். தையில் வந்த கிடா ஒரு மாதம் தனியே நின்று மாசியில் பட்டிக்குள் வரும். பழைய கிடா அதற்குள் கிளம்பிவிட்டிருக்க வேண்டும். அறியாத கிடாவின் வாடை பட்டதும் சும்மா நிற்கும் பெட்டைகள் ஒரு வாரம் பத்து நாளில் பருவத்துக்கு வந்துவிடும். முதல் பருவத்தில் சினை தங்காவிட்டால் கவலைப்பட வேண்டாம், அடுத்ததில் தங்கும். சினைக்காலம் 150 நாள் என்பதால் ஆடி, ஆவணியில் குட்டிகள் தரையில் நிற்கும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இரண்டு மூன்று மாதமாகிவிடும், மூத்தவை தடுப்பூசிக்கும் தயாராகிவிடும். ஒரே சமயத்தில் எல்லாம் ஈனுவதால் பார்த்துக்கொள்வதும் சுலபம். இரவில் ஏதாவது சிக்கல் என்றால் நடமாடும் மருத்துவ வண்டிக்கு 1962 என்ற எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள், இரவு நேரச் சேவை உங்கள் பக்கம் உண்டா என்பதையும் பகலிலேயே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மூளிக்காதுப் பெட்டையை விற்றுவிடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஆறு ஈற்று ஈன்றது, எல்லாவற்றையும் முட்டுகிறது, ஆனால் மழை வந்தால் மற்றதையெல்லாம் அதுதான் வீட்டுக்கு இழுத்து வருகிறது என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அது முன்னே நடக்கிற ஆடு. அது போனால் அந்த வரிசையே குலைந்து மற்ற எட்டும் தமக்குள் முட்டிக்கொள்ளும். கிடா உள்ளே வருகிற முதல் மூன்று நாள் அதை மட்டும் பட்டி வாசலில் தாம்புக் கயிற்றில், உள்ளே நடப்பது தெரிகிற மாதிரி கட்டிப்போடுங்கள். நான்காம் நாள் அவிழ்த்துவிடலாம். அப்போதும் முட்டும். வாங்குகிற கிடா நான் சொன்ன வயதில் இருந்தால் வாங்கிக்கொண்டு நிற்கும்.